இடித்துக் கட்டிய ஆலயம்: பழைய வரலாற்றை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி சுருக்கமாக இது. மதுரையில் ஒரு தெருவில் இருந்த சிறிய ஆலயத்தை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டியாயிற்று. பிரதிஷ்டை அன்று நினைவு மலர் வெளியிட வேண்டும். தெருக்காரர்கள் அதை ‘மெதடிஸ்ட் கோவில்’ என்கிறார்கள், பெயர்ப்பலகையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்று இருக்கிறது. கழற்றி வைத்த கல்லில் ஓர் ஆண்டு, மணியில் இன்னோர் ஆண்டு, மூத்தவர்கள் சொல்வது மூன்றாவது ஓர் ஆண்டு. எதை நம்புவது, எங்கே தேடுவது?

மூன்றும் சரியாகவே இருக்கலாம். சபை கூடத் தொடங்கிய ஆண்டு ஒன்று, முதல் கட்டடத்துக்கு அடிக்கல் வைத்த ஆண்டு ஒன்று, கட்டடம் முடிந்து பிரதிஷ்டை ஆன ஆண்டு ஒன்று. பணம் தீர்ந்துபோய் சுவரோடு நின்ற ஆலயங்களில் அடிக்கல்லுக்கும் பிரதிஷ்டைக்கும் இடையே பல வருஷம் ஓடியிருக்கும். மதுரையைச் சுற்றியுள்ள பழைய சபைகள் பலவற்றில் முதலில் வந்தது ஆலயமே அல்ல, பள்ளிக்கூடம். வாரநாளில் பிள்ளைகள் படித்த அதே கூரைக்கடியில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம். எனவே ‘தோற்றம்’ என்று ஒரே ஆண்டைப் போட்டு மலரை ஆரம்பிக்காதீர்கள். சபை, முதல் ஜெபவீடு, பழைய ஆலயம், புதிய ஆலயம் என்று நான்கு தனி வரி எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன ஆதாரம் என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். ஆதாரம் இல்லாத வரி காலியாகவே இருக்கட்டும்.

இனி ‘மெதடிஸ்ட்’ விஷயம், அதாவது ஜான் வெஸ்லி வழி வந்த சபைப் பிரிவு. இதைத் தீர்க்காமல் மற்றதைத் தேடினால் தவறான அலமாரியில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மதுரையில் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளின் வேலையில் பெரும்பங்கு அமெரிக்கன் மதுரை மிஷனுடையது. 1834-ன் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து லெவி ஸ்பால்டிங் வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்த ஆண்டு ஜூலையில் ஹென்றி ஹாய்சிங்டனும் வில்லியம் டாடும் யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களோடு வந்து இறங்கினார்கள். அனுப்பியது பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்டு. அது மெதடிஸ்ட் சங்கம் அல்ல. பெரும்பாலும் காங்கிரிகேஷனல் சபையாரின் (ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் பிரிவினர்) அமைப்பு. 1842-ல் திருமங்கலத்தில் தொடங்கி 1845-ல் பசுமலைக்கு மாறிய செமினரி, அதிலிருந்து வளர்ந்து 1909-ல் தல்லாகுளத்துக்கு வந்த அமெரிக்கன் கல்லூரி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம், மேலூர், மானாமதுரை, திருப்புவனம், பழனி, மண்டபசாலை நிலையங்கள் எல்லாம் இந்த மிஷன் வழி வந்தவை.

வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் வேலை செய்தது காவிரிப் பக்கம்: நாகப்பட்டினம், மன்னார்குடி, திருச்சி, கரூர், தாராபுரம். மிஷன்கள் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகாமல் வட்டாரம் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. திண்டுக்கல் அமெரிக்கன் போர்டின் கையில், அதற்கு வடக்கே கரூர் வெஸ்லியன் கையில். இது பிரிட்டிஷ் மெதடிஸ்ட் கிளை. இதற்குச் சம்பந்தமில்லாமல் 1870-களில் அமெரிக்க நற்செய்தியாளர் வில்லியம் டெய்லரின் கூட்டங்களிலிருந்து வளர்ந்த அமெரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை தனி. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயிண்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பிரிட்டிஷ் மெதடிஸ்ட்டுகள் உள்ளே வந்தார்கள், அமெரிக்க மெதடிஸ்ட்டுகள் வரவில்லை. பின்னவர்களே 1981 முதல் ‘மெதடிஸ்ட் சர்ச் இன் இந்தியா’. மதுரைச் சபைகள் 1908-லேயே தென்னிந்திய ஐக்கிய சபைக்குள் வந்து, அதன் வழியாக 1947-ல் சி.எஸ்.ஐ.க்குள் சேர்ந்தன. மதுரை - ராமநாதபுரம் பேராயத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், 1959 வரை. அவர் ஸ்காட்லாந்து சபைக்காரர் என்பதையும் நினைவில் வையுங்கள். பேராயர் எந்தச் சபையிலிருந்து வந்தார் என்பதை வைத்து உள்ளூர் ஆலயத்தின் பூர்வீகத்தைச் சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் ஆலயத்துக்கு ‘மெதடிஸ்ட்’ என்ற பெயர் வர மூன்று வழி உண்டு. ஒன்று, அது உண்மையிலேயே அமெரிக்க மெதடிஸ்ட் சபையாக இருந்து பிற்பாடு கை மாறியது. இரண்டு, கரூர், திருச்சி பக்கமிருந்து ரயில்வே வேலைக்கும் மில் வேலைக்கும் வந்த வெஸ்லியன் குடும்பங்கள் முதலில் கூடிய இடம் அது. ரயில் மதுரைக்கு வந்தது 1875-ல்; ஹார்வி மில் ஓடத் தொடங்கியது 1890-களில். மூன்று, ‘அமெரிக்காக்காரர் கோவில்’ என்ற நினைவு காலப்போக்கில் ‘மெதடிஸ்ட்’ என்று திரிந்திருக்கிறது. மூன்றாவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் மதுரை நகருக்குள் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

எது என்று கண்டுபிடிக்க மிக வேகமான வழி, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது. சி.எஸ்.ஐ. சொத்து பொதுவாக சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். அமெரிக்க மெதடிஸ்ட் சொத்து அந்தச் சபையின் எக்ஸிக்யூட்டிவ் போர்டு பெயரில் இருக்கும். அடுத்தது ஆயர் பட்டியல். மெதடிஸ்ட் முறையில் போதகர்களைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பழைய காங்கிரிகேஷனல் வழக்கத்தில் ஒருவரே இருபது, முப்பது வருஷம் இருந்துவிடுவதும் உண்டு. 1947-க்கு முந்தைய ஐம்பது வருஷத்துக்கு நான்கைந்து பெயர்தான் கிடைக்கிறது என்றால் மெதடிஸ்ட் சந்தேகம் பலவீனம். பழைய கணக்கு நோட்டில் ‘சர்க்யூட்’, ‘கிளாஸ் மீட்டிங்’, ‘கிளாஸ் டிக்கெட்’ என்ற சொற்கள் வந்தால் அது வெஸ்லியன் வாசனை.

இரண்டு போலிச் சான்றுகளை ஒதுக்கிவிடுங்கள். வருஷ ஆரம்பத்தில் உடன்படிக்கை ஆராதனை நடக்கிறதே என்பார்கள். அது வெஸ்லி ஏற்படுத்தியதுதான், ஆனால் சி.எஸ்.ஐ. அதைப் பொது வழிபாட்டு முறைக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது, எல்லாச் சபையிலும் நடக்கும். இன்னொன்று பெயர்கள். பதிவேட்டில் ‘வெஸ்லி’, ‘ஆஸ்பரி’ (அமெரிக்க மெதடிஸ்ட் தலைவர் பெயர்) என்று இருந்தால் உடனே மெதடிஸ்ட் என்று முடிவு கட்டக் கூடாது. யாழ்ப்பாண மிஷன் விடுதிப் பள்ளிகளில், படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர் சொன்ன பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கமாக இருந்தது. மதுரை மிஷனின் தொடக்ககால உதவியாளர்கள் அங்கிருந்து வந்தவர்கள்.

கல்லுக்கு வருவோம். ஆலயத்தை இடிக்கும்போது மிக அதிகம் கெடுவது இதுதான். கிரானைட் வேலைக்காரர் “பாலிஷ் போட்டுத் தருகிறேன் சார், புதுசு மாதிரி ஆயிடும்” என்பார். வேண்டவே வேண்டாம். நூறு வருஷக் கல்லில் எழுத்தின் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பாலிஷ் சக்கரம் அதைச் சாப்பிட்டுவிடும். புதுச் சுவரின் அளவுக்குக் கல்லின் ஓரத்தை வெட்டுவதும் அதே பாவம், கடைசி வரியில் உள்ள ஆண்டு அதோடு போய்விடும். பெயிண்டரை விட்டு எழுத்துக்குக் கறுப்பு பூசவும் கூடாது. அவருக்குப் புரிந்த எழுத்தை அவர் எழுதிவிடுவார், பிறகு அதுதான் வரலாறு.

படிக்கும் முறை எளிது. கல்லைத் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் கொண்டு கழுவுங்கள். கம்பி பிரஷ், ஆசிட் கூடாது. சுண்ணாம்பு அப்பியிருந்தால் மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பி எடுங்கள். இருட்டிய பிறகு கல்லை நிமிர்த்தி வைத்து, ஒரு டார்ச்சைக் கல்லின் பரப்பை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். இடது, வலது, மேல், கீழ் என்று நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் கொடுத்து, கேமரா அசையாமல் நான்கு படம். பகலில் வெறும் பரப்பாகத் தெரியும் இடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். கல் உறுதியான கருங்கல்லாக இருந்தால் மைப்படியும் எடுக்கலாம்: நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, முக்கால்வாசி காய்ந்ததும் துணிப்பந்தில் மை தொட்டு ஒற்ற வேண்டும். சாந்தில் பதித்த எழுத்துக்கு இது ஆகாது, பெயர்ந்து வந்துவிடும்.

படித்த பிறகு ஆண்டில் மூன்று இடத்தில் சறுக்கல் நேரும்.

முதலாவது தமிழ் எண்கள். ௧௮௯௧ என்று வெட்டியிருப்பதைக் ‘க அ கூ க’ என்று எழுத்தாகப் படித்துவிட்டு, யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள் என்று மலரில் போட்டுவிடுவார்கள். அது 1891. இன்னும் பழைய முறையில் ௲௮௱௯௰௧ என்றும் வெட்டியிருப்பார்கள்: ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, ஒன்று. இரண்டும் ஒரே ஆண்டுதான். ௭ ‘எ’ போலவும், ௪ ‘ச’ போலவும், ௬ ‘சு’ போலவும் தெரியும்.

இரண்டாவது தமிழ் வருஷப் பெயர். ‘விகாரி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தால் அது 1900 தொடக்கமாகவும் இருக்கலாம், 1960 தொடக்கமாகவும் இருக்கலாம். அறுபது வருஷச் சுற்று. கல்லில் உள்ள ஆயர் பெயரை வைத்துத்தான் எந்தச் சுற்று என்று தீர்மானிக்க முடியும்.

மூன்றாவது எழுத்துச் சீர்திருத்தம். லை, னை, ணை, றா, னா போன்றவற்றைப் பழைய கொம்பு, சுழி வடிவங்களை விட்டு இன்றைய வடிவத்தில் எழுதத் தமிழக அரசு 1978-ல் உத்தரவிட்டது. 1894 என்று சொல்லும் கல்லில் ‘லை’ இன்றைய வடிவத்தில் இருந்தால், அந்தக் கல் 1894-ல் வெட்டியது அல்ல. பழைய கல் உடைந்தபோது பார்த்து எழுதிய நகல். நகல் பொய் என்று அர்த்தமில்லை, ஆனால் ஆண்டைப் பார்த்து எழுதியவர் கண் தவறியிருக்கலாம். வேறு ஆதாரத்தோடு ஒப்பிடாமல் எடுக்கக் கூடாது.

மூலைக்கல்லை எடுக்கும்போது கூட ஒருவர் நிற்கட்டும். பழைய அடிக்கல்லின் அடியில் குழி வெட்டி, புட்டியிலோ தகர டப்பாவிலோ அன்றைய நாணயமும் செய்தித்தாளும் வைத்து மூடும் வழக்கம் பல ஆலயங்களில் இருந்தது. ஜே.சி.பி. ஒரே இழுப்பில் அதை மண்ணோடு லாரியில் ஏற்றிவிடும். கிடைத்தால் அங்கேயே திறக்காதீர்கள். ஈரம் ஏறிய காகிதம் வெயில் பட்டதும் நொறுங்கும்.

மணியில் உள்ள ஆண்டு வார்த்த ஆண்டு. அமெரிக்காவில் ஏதோ ஒரு சபை பெரிய மணி வாங்கிக்கொண்டு தன் பழைய மணியை மிஷனுக்கு அனுப்பியிருந்தால், மணிக்கு ஆலயத்தைவிட வயது கூடும். அதுபோலத்தான் ஓடும். மங்களூர் ஓட்டின் அடிப்பக்கம் 1865 என்று அச்சு இருப்பதைப் பார்த்து, ஆலயம் 1865-ல் கட்டியது என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. 1865 என்பது பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அது வியாபார முத்திரை. அதே போல 1868 போட்ட ஆல்புகர்க் ஓடும் உண்டு. ஓட்டில் ‘காமன்வெல்த்’ என்று இருந்தால், பாசல் மிஷனின் தொழிற்சாலைகள் முதல் உலகப் போரை ஒட்டிக் கை மாறிய பிறகு செய்தது என்று தெரியும். இரும்பு உத்தரத்தில் டாடா முத்திரை இருந்தால் 1912-க்கு முன்னால் போக முடியாது. அங்கே எஃகு வார்க்கத் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். இதெல்லாம் ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டும் சொல்லும், ‘இந்த ஆண்டு’ என்று சொல்லாது. கூரையைப் பிற்பாடு மாற்றியிருக்கவும் கூடும்.

சுவரும் பேசும், இடித்த குப்பை இன்னும் கிடந்தால். மெல்லிய நாட்டுச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஒரு பகுதியில், மூன்று அங்குலக் கனமுள்ள சேம்பர் கல்லும் சிமெண்டும் இன்னொரு பகுதியில் என்றால் ஆலயம் ஒருமுறை நீட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பக்கம் சிமெண்ட் தாராளமாகப் புழங்கியது 1930-களில் மதுக்கரை ஆலை வந்த பிறகு. பலிபீடப் பக்கமா, வாசல் பக்கமா எங்கே கட்டுமானம் மாறுகிறது என்று ஒரு கோட்டுப் படம் போட்டு, மாதிரிக்கு இரண்டிரண்டு கல்லை அளவு எழுதி எடுத்து வையுங்கள்.

பதிவேடுகள்தான் அடித்தளம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், நற்கருணை அங்கத்தினர் பட்டியல் என்று நான்கு. முதல் ஞானஸ்நானப் பதிவின் தேதி சபையின் வயதுக்குக் கீழ் எல்லை. ஆனால் ‘புத்தகம் 2’ என்று அட்டையில் இருந்தால் முதல் புத்தகம் எங்கே என்று கேளுங்கள். தனிச் சேகரமாக (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள வட்டாரமாக) பிரியும் முன் தாய்ச் சபையின் புத்தகத்தில்தான் உங்கள் முன்னோர் இருப்பார்கள்.

தேதி படிப்பதில் ஒரு பொறி. அமெரிக்க மிஷனெரி எழுதிய காலத்துப் பதிவில் மாதம் முன்னால் வரலாம். 6-7-1891 என்று இருந்தால் ஜூலை 6-ஆ, ஜூன் 7-ஆ? அந்த ஆண்டு ஜூன் 7 ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 6 திங்கட்கிழமை. ஞானஸ்நானம் பெரும்பாலும் ஞாயிறு ஆராதனையில் கொடுப்பது, ஆகவே ஜூன் 7. ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அதே கையெழுத்தில் 12-க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். எழுதியவரின் பழக்கம் தெரிந்துவிடும். எழுத்தர் மாறினால் பழக்கமும் மாறும்.

திருமணப் பதிவேடு தொலைந்துவிட்டது என்றால் கை விரிக்க வேண்டியதில்லை. 1872-ன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பதிவேட்டோடு இணைந்த சான்றிதழைப் பிரித்து ஒரு மாதத்துக்குள் மாவட்டத் திருமணப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து தலைமைப் பதிவாளருக்குப் போகும். பதிவுத் துறையிடம் ஆண்டும் மணமக்கள் பெயரும் கொடுத்து நகல் கேட்கலாம். ஆலயத்தின் பெயரும் நடத்தி வைத்த போதகர் பெயரும் அதில் இருக்கும். ஆயர் பட்டியலில் உள்ள ஓட்டையை அடைக்க இதைவிட நல்ல காகிதம் கிடையாது.

பழைய பதிவேட்டை செராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அமுக்காதீர்கள், தையல் விட்டுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில் மேசைமேல் வைத்து, போனை ஸ்டாண்டில் நேர் மேலே நிறுத்தி, ஃபிளாஷ் இல்லாமல், ஓரத்தில் ஒரு அளவுகோலும் சேர்த்து எடுங்கள். காலிப் பக்கத்தையும் எடுங்கள். இல்லையென்றால் நடுவில் பக்கம் கிழிந்ததா, நீங்கள் விட்டுவிட்டீர்களா என்று பிறகு தெரியாது. எழுத்து பழுப்பேறிக் காகிதத்தைத் துளைத்திருந்தால் அந்தப் பக்கத்தைத் தொடாமல் நிபுணரிடம் விடுங்கள்.

அந்தக் காலத்துப் பதிவேட்டில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கும். அதையும், மதம் மாறியவரின் பழைய பெயரையும் படமெடுத்து அப்படியே மலரில் போடுவது கூடாது. வரலாறு எழுத அந்தக் கட்டம் தேவையென்றால் மொத்தமாக எழுதுங்கள், குடும்பப் பெயரோடு வேண்டாம். பேரன் பேத்திகள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

நிலப் பத்திரம். மாநகராட்சி எல்லைக்குள் நகர அளவைப் பதிவேடு, கிராமம் என்றால் ‘அ’ பதிவேடும் அடங்கலும். பழைய சர்வே எண்ணுக்கும் புதியதற்கும் ஒப்பீடு கேட்டு வாங்குங்கள். வருவாய்த் துறைக் காகிதத்தில் ஆண்டு பசலியில் இருக்கும்: பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. இதை மறந்து 1310 என்றே அச்சடித்தால் பதினேழாம் நூற்றாண்டில் மதுரையில் ஊழியம் செய்த பாதிரியார் ராபர்ட் டி நொபிலிக்கு முன்னூறு வருஷம் முந்திய ஆலயமாகிவிடும்.

வில்லங்கச் சான்றை ஆன்லைனில் எடுத்தால் அண்மைப் பதிற்றாண்டுகள்தான் கிடைக்கும். அதற்கு முந்தியது சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடும் வேலை. அசையாச் சொத்துக்கு 1-ம் புத்தகம். அதற்கு ஆள் பெயர் வரிசையில் ஒரு அட்டவணை, சொத்து வரிசையில் ஒரு அட்டவணை. சொத்து வரிசையில் கிடைக்காவிட்டால், அமெரிக்கன் போர்டின் சார்பில் கையெழுத்திட்ட மிஷனெரியின் பெயரில் தேடச் சொல்லுங்கள். நகருக்குள் இருக்கும் ஆலயம் என்றால் பத்திரத்தின் எல்லை விவரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகுதான் வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் வந்தன. கீழவாசல், மேலவாசல் என்று சபைகளை அழைத்ததும் இல்லாத கோட்டையின் வாசலை வைத்துத்தான். பத்திரத்தில் ‘அகழிக்கு மேற்கு’ என்று இருந்தால் ஆற்றையோ வாய்க்காலையோ தேடி அலைய வேண்டாம்.

வெளியூர் ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கன் போர்டின் கடிதங்கள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹாட்டன் நூலகத்தில். போர்டின் மாத இதழும் மதுரை மிஷனின் ஆண்டறிக்கைகளும் பெருமளவு ஸ்கேன் ஆகி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெஸ்லியன் என்று தெரிந்தால் லண்டன் சோயாஸ் நூலகம், அமெரிக்க மெதடிஸ்ட் என்றால் நியூ ஜெர்சியில் டுரூ பல்கலைக்கழக வளாகம். அங்கெல்லாம் எழுதுவதற்கு முன் அரசரடி இறையியல் கல்லூரி நூலகத்தையும், அமெரிக்கன் கல்லூரியின் டேனியல் பூவர் நூலகத்தையும் பாருங்கள். பஸ் செலவோடு முடியும். இணையத்தில் தேடும்போது இன்றைய ஊர்ப் பெயர் எழுத்து உதவாது. மதுரை ‘மதுரா’வாகவும், பழனி ‘புல்னி’யாகவும், திருமங்கலம் ‘திருமுங்கலம்’ போலவும் இருக்கும். தெருப் பெயரில் தேடுவதைவிட மிஷனெரி பெயரையும் நிலையத்தின் பெயரையும் போட்டு ஆண்டுவாரியாகப் படிப்பதே பலன் தரும். சிறிய ஆலயம் தனித் தலைப்பில் வராது. ‘இந்த ஆண்டு இரண்டு ஜெபவீடுகள் கட்டப்பட்டன’ என்ற ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கும்.

மூத்தவர்களிடம் “எந்த வருஷம் ஐயா?” என்று கேட்டால் ஒரு வருஷம் சொல்வார்கள், அது பெரும்பாலும் ஒரு முழு எண். அதற்குப் பதிலாக “தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாடியா பின்னாடியா?”, “இந்திப் போராட்டத்தப்போ ஓட்டுக் கூரையா, தளமா?”, “மதுரையில உலகத் தமிழ் மாநாடு நடந்தப்போ யார் ஐயர் (போதகர்)?” என்று கேளுங்கள். 1964 டிசம்பர், 1965 ஜனவரி, 1981 ஜனவரி. மதுரைக்காரருக்கு இவை மறக்காது. அம்மாமார்களைத் தனியாகக் கேளுங்கள். பிடி அரிசிக் காணிக்கை யார் வீட்டில் சேர்ந்தது, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எந்த வருஷம் எதற்காகப் பணம் எடுத்தார்கள், அசனத்துக்கு (சபையாரின் பொது விருந்துக்கு) எங்கே அடுப்பு போட்டார்கள் என்பதெல்லாம் கமிட்டி நோட்டில் இருக்காது. பழைய கல்யாணப் போட்டோக்களையும் வாங்கிப் பாருங்கள். மணமக்கள் வாசற்படியில் நிற்பார்கள், பின்னால் ஆலயத்தின் முகப்பு முழுசாக இருக்கும்; போட்டோவின் முதுகில் தேதியும் ஸ்டூடியோ முத்திரையும்.

கடைசியாக, எல்லோரும் கோட்டைவிடுவது மறுகட்டுமானத்தின் வரலாற்றை. நேற்று நடந்ததுதானே என்று அதை இரண்டு பத்தியில் முடித்துவிட்டு, நன்கொடையாளர் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். பழைய கட்டடத்தை ஏன் இடித்தீர்கள் என்பதை நேராக எழுதுங்கள். ‘பழுதடைந்ததால்’ என்றால் என்ன பழுது? மெட்ராஸ் தளமா? தேக்குக் கட்டைமேல் செங்கல்லை நிறுத்திவைத்து அடுக்கி, மேலே சுண்ணாம்பு ஜல்லி போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. அதன்மேல் பிற்பாடு சிமெண்ட் பூசியிருந்தால் விரிசல் வழியாக இறங்கிய நீர் உலர வழியில்லாமல் கட்டை முனைகள் சுவருக்குள்ளேயே உளுத்திருக்கும். தெருவை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் ஆலயத் தரை பள்ளமாகி மழைநீர் உள்ளே வந்ததா? திருமங்கலம், பேரையூர் பக்கக் கரிசல் நிலம் என்றால், கோடையில் வாய் பிளந்து மழையில் மூடும் வெடிப்பா? இல்லை, சபை பெருகி இடம் போதவில்லை, கட்டடம் நன்றாகத்தான் இருந்தது என்றால் அதையே எழுதுங்கள். எதிர்த்தவர்கள் இருந்தால் அவர்கள் சொன்ன காரணத்தையும் ஒரு வரி சேருங்கள். கமிட்டி மினிட்ஸில் அது இருக்கத்தான் செய்யும்.

பழைய ஆலயத்தின் உள் நீளம், அகலம், உயரம், ஜன்னல்களின் எண்ணிக்கை, வாசல் எந்தத் திசை. புதியதில் அதே அளவுகள், அஸ்திவாரத்தின் ஆழமும் வகையும், தூண்கள், கம்பியும் சிமெண்டும் எவ்வளவு, வேலை எந்த மாதம் எதற்காக நின்றது, வருஷவாரியாக வரவு செலவு. வழிபாட்டுத் தலத்துக்காக மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி கேட்ட கோப்பின் முழு நகலையும் வாங்கி வையுங்கள். பழைய கட்டடத்தின் வரைபடம், நில ஆவணம், அக்கம்பக்கத்தாரின் கடிதம் எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். பொறியாளரிடம் கடைசித் திருத்தம் செய்த வரைபடத்தைக் கேளுங்கள். அனுமதி வாங்கிய வரைபடமும் கட்டி முடித்த கட்டடமும் எங்கேயும் ஒன்றாக இருப்பதில்லை.

பழைய கல்லைப் புதுச் சுவரில் பதிக்கும்போது தரையிலிருந்து மூன்றரை அடியாவது மேலே, மழைச் சாரல் படாத தாழ்வாரத்துக்குள், முழுச் சிமெண்டில் புதைக்காமல் பித்தளைக் கொக்கியில் நிறுத்துங்கள். அடுத்த முறை இடிக்கும்போது உடையாமல் கழற்றலாம். பக்கத்தில் சிறு பலகையில் கல்லில் உள்ளதை உள்ளபடி இன்றைய எழுத்தில் எழுதி, எந்தக் கட்டடத்தின் எந்தப் பக்கச் சுவரில் இருந்தது என்றும் போட்டுவிடுங்கள். பதிவேட்டுப் படங்களும் கல்லின் படங்களும் மூன்று பிரதி: ஒன்று சேகர அலுவலகத்தில், ஒன்று பேராய அலுவலகத்தில், ஒன்று அரசரடி நூலகத்தில். பென் டிரைவ் மட்டும் போதாது, முக்கியமான பக்கங்களைத் தாளிலும் அச்சடித்துக் கொடுங்கள்.